ஞாயிற்றுக்கிழமை கலர் இருந்ததா?

டவுன்ஹால் ரோட்டு ரேடியோ கடையின் புகார் நோட்டில் அந்த ஒரு வரியைப் படித்ததிலிருந்து கருத்தக்கண்ணன் இலையிலிருந்த இட்லியைத் தொடவே இல்லை.

‘திருநகர் மூணாவது ஸ்டாப், ஜவுளிக்கடை வெங்கடரமணன் வீடு. டி.வி. கேமில் படம் வருது, கலர் வரலை. ஆள் அனுப்பவும்.’

எழுதிய நாள் செவ்வாய்க்கிழமை.

“கலர் வரலைன்னா அவுக வீட்டுக் கவலை. நீங்க எதுக்குண்ணே இட்லியைக் காயப் போடுறீங்க?” என்றான் பேச்சிமுத்து.

பேச்சிமுத்து அந்த ரேடியோ கடையில் ஒன்பது வருஷம் மெக்கானிக்காக இருந்தவன். ‘இதை ரிப்பேர் பண்றதுக்கு நீங்களே பாடிக்கலாம்’ என்று ஒரு பழைய ரேடியோக்காரரிடம் சொன்னதற்காக வெளியே அனுப்பப்பட்டவன். இப்போது கருத்தக்கண்ணனின் துப்பறியும் நிலையத்துக்கு உதவியாளன், ஓட்டுநர், வாய்.

“கேள்வி ஒண்ணுதான் மாப்ள. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் அந்தப் பெட்டியில கலர் இருந்துச்சா, இல்லையா?”

“இருந்துச்சுன்னா?”

“அந்த டிரைவர் முத்திருளன் பொய் சொல்றான். நமக்கு வேலை முடிஞ்சது.”

“இல்லேன்னா?”

கருத்தக்கண்ணன் இலையை மடித்துவிட்டு எழுந்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்தரை மணிக்குக் கூத்தியார்குண்டு விலக்கில் ஒரு க்ரீம் நிற அம்பாசிடர், சைக்கிளில் வந்த கீரை வியாபாரி சிவனாண்டியை அடித்துப் போட்டுவிட்டு நிற்காமல் போனது. டீக்கடைக்காரர் ஒருவர் காரைப் பார்த்தார், நம்பரைப் பார்த்தார். ஓட்டியவனிடம் பார்த்தது வெள்ளைச் சட்டை ஒன்றைத்தான். சிவனாண்டி மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து புதன்கிழமை உயிரை விட்டார். முன்விளக்கு உடைந்த நிலையில் கார் வெங்கடரமணன் வீட்டுக்குப் பின் சந்திலேயே கிடைத்தது.

டிரைவர் முத்திருளனைப் பிடித்து உள்ளே போட்டார்கள். சனிக்கிழமை ராத்திரியே சாவியை முதலாளி வீட்டு ஆணியில் மாட்டிவிட்டு வந்துவிட்டேன், ஞாயிறு முழுக்க வீட்டில் படுத்துக் கிடந்தேன் என்றான் அவன். அதற்குச் சாட்சி அவன் பெண்டாட்டி மாயக்காள் மட்டும். வெங்கடரமணனோ, சாவி டிரைவரிடம்தான் இருந்தது, நான் சாயங்காலம் நாலு மணியிலிருந்து ஏழு மணிவரை வீட்டில் வக்கீல் நாகசுப்பிரமணியனோடு டி.வி. கேம் விளையாடிக்கொண்டிருந்தேன் என்று எழுதிக் கொடுத்தார். வக்கீலும் ஆமாம் என்று கையெழுத்துப் போட்டார். ஒரு பக்கம் டிரைவர், மறு பக்கம் முதலாளியும் வக்கீலும். தராசு எந்தப் பக்கம் சாயும் என்று சொல்லத் தேவையில்லை.

மாயக்காள் கருத்தக்கண்ணனைத் தேடி வந்தது திங்கட்கிழமை. “எம் புருஷன் கோழிக்குஞ்சு குறுக்க வந்தாலும் பிரேக் போடுற ஆளுண்ணே” என்று அவள் சொன்னதை அவன் நம்பினான். ஆனால் வக்கீல் நாகசுப்பிரமணியன் சொன்னதையும் அவன் நம்பினான். அங்கேதான் அவனுக்குச் சிக்கல்.

நாகசுப்பிரமணியன் அவனுக்கு வெறும் வக்கீல் இல்லை. ஆறு வருஷத்துக்கு முன் கருத்தக்கண்ணன் ஏட்டாக இருந்தபோது, வாங்காத லஞ்சத்தை வாங்கியதாக அவன் தலையில் கட்டினார்கள். சொந்தக்காரர்களே தெருவில் முகத்தைத் திருப்பிக்கொண்டு போன சமயம். அந்த மனிதர்தான் கூப்பிட்டு உட்காரவைத்து, கேஸை எடுத்து, பதினாலு மாதம் வாதாடி, குற்றமற்றவன் என்று தீர்ப்பு வாங்கிக் கொடுத்தார். வேலை வேண்டாம் என்று இவன் எழுதிக் கொடுத்தபோது, வக்கீல் புதுத்தெரு என்ற தெருவில் இருந்த தன் வீட்டு மாடியறையைத் திறந்துவிட்டு, “போர்டை மாட்டுடா கண்ணா” என்றவரும் அவர்தான்.

புதன்கிழமை சாயங்காலம் மாடிப்படியில் அவனை நிறுத்தி அவராகவே பேச்செடுத்தார்.

“அந்த டி.வி. கேம் இருக்கே, பைத்தியம் புடிக்க வச்சிரும்டா. என்னோட டாங்கி பச்சை, வெங்கடரமணனோடது ஆரஞ்சு. ஆரஞ்சு டாங்கி என்னை ஓட ஓட விரட்டிச் சுடுது. மூணு மணி நேரம் போனதே தெரியலை. பாவம் முத்திருளன். நான் சாட்சிங்கறதால கோர்ட்ல என் ஜூனியர்தான் நிப்பான், ஆனா அவன் கேஸையும் நானே ஃபீஸ் இல்லாம பாக்குறேன். திங்கட்கிழமை கோர்ட்ல தப்பை ஒத்துக்கச் சொல்லியிருக்கேன். ஆறு மாசத்துல வெளிய வந்துரலாம்.”

‘எம்புட்டு பெரிய மனசு’ என்றுதான் கருத்தக்கண்ணன் அன்று நினைத்தான். வெள்ளிக்கிழமை காலையில் பழைய கடைக்குச் சும்மா போன பேச்சிமுத்து, சிரித்துக்கொண்டே அந்தப் புகார் வரியைக் காட்டும்வரை.

ஸ்கூட்டர் பழங்காநத்தம் தாண்டியதும் பேச்சிமுத்து பின்னால் திரும்பாமல் கத்தினான்.

“அண்ணே, இன்னைக்கு நான் மெக்கானிக்கு, நீங்க அசிஸ்டெண்ட். டூல் பையை நீங்கதான் தூக்கணும். நான் திட்டுனா தலையைக் குனிஞ்சுக்கணும்.”

“ரோட்டைப் பாத்து ஓட்டு.”

“நீங்க அந்தக் கலர் திங்கட்கிழமை போயிருக்கணும்னு வேண்டிக்கிட்டே வாரீங்கல்ல?”

கருத்தக்கண்ணன் பசுமலைப் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தான். பொய் சொல்லத் தோன்றவில்லை. “ஆமாடா” என்றான்.

வெங்கடரமணன் வீட்டுக் கதவைத் திறந்தது அவர் மனைவி ராதாமணி. நாற்பத்தைந்து வயதிருக்கும். தை மாதம் மகளுக்குக் கல்யாணம் என்று வீடே சொன்னது. கூடத்தில் ஒரு மூலையில் வெண்கலப் பாத்திரங்கள், இன்னொரு மூலையில் பிரிக்காத பட்டுப்புடவைப் பெட்டிகள். ரேடியோ கடை என்றதும் அவர் முகம் மலர்ந்தது.

“செவ்வாய்க்கிழமை சொன்னதுக்கு இன்னைக்குத்தான் வழி தெரிஞ்சதாக்கும்? மாப்பிள்ளை வீட்டுக்காரங்க ஞாயித்துக்கிழமை வாராங்க. அதுக்குள்ள சரி பண்ணிக் குடுங்க. அமெரிக்காவுல இருந்து தம்பி அனுப்புனதுன்னு ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்கேன்.”

கண்ணாடி அலமாரியில் பெரிய கலர் டி.வி. அதன் அடியில் கறுப்பாக, மரப்பட்டை ஒட்டியதுபோல் முகப்பு வைத்த ஒரு தட்டையான பெட்டி. இரண்டு கைப்பிடிக் குச்சிகள். பேச்சிமுத்து சம்மணமிட்டு உட்கார்ந்தான். திரை விழித்தது. ஒரு சாம்பல் நிற மைதானம். அதில் வெளிறிய சாம்பலில் ஒரு டாங்கி, கறுத்த சாம்பலில் ஒரு டாங்கி.

“எலிகூட இதைவிட நல்ல கலர்ல இருக்கும்” என்றான் பேச்சிமுத்து. “முதல்ல டி.வி.யைப் பாப்போம். அசிஸ்டெண்டு, வீடியோ கேசட் ஒண்ணு எடுத்துப் போடு.”

கருத்தக்கண்ணன் கேசட்டைத் தள்ளினான். யார் வீட்டுக் கல்யாணமோ திரையில் ஓடியது. சிவப்புக் கூறைப்புடவை, மஞ்சள் தாலிக்கயிறு, பச்சை வாழையிலை. கண்ணைப் பறித்தது.

“டி.வி. தங்கம். நோய் இந்தக் கறுப்புப் பெட்டியிலதான்.” பேச்சிமுத்து பெட்டியின் முகப்பில் இருந்த சின்னச் சின்ன விசைகளைத் தடவிப் பார்த்தான். ஒன்றில் விரல் நின்றது. “அட! அண்ணே… அசிஸ்டெண்டு, இங்க பாரு.”

கலர், கறுப்பு-வெள்ளை என்று ஆங்கிலத்தில் இரண்டு பக்கமும் எழுதிய விசை. அது கறுப்பு-வெள்ளைப் பக்கம் தள்ளியிருந்தது.

கருத்தக்கண்ணனுக்கு உடம்பெல்லாம் லேசானது. இவ்வளவுதானா? ஞாயிற்றுக்கிழமைக்கு அப்புறம் யாரோ கை தவறித் தட்டிவிட்டிருக்கிறார்கள். பச்சை பச்சையாகத்தான் இருந்திருக்கிறது, ஆரஞ்சு ஆரஞ்சாகத்தான். வக்கீலண்ணன் சொன்னது நிஜம். ஒரு நிமிஷம் அந்த மனிதரைச் சந்தேகப்பட்டதற்கு மனசுக்குள் கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

பேச்சிமுத்து விசையைக் கலர் பக்கம் தள்ளினான்.

சாம்பல் சாம்பலாகவே இருந்தது. ஒன்று கொஞ்சம் வெளுத்தது, இன்னொன்று கொஞ்சம் கறுத்தது. அவ்வளவுதான்.

“அதையெல்லாம் எங்க வீட்டுக்காரர் தட்டிப் பாத்துட்டாருப்பா” என்றார் ராதாமணி, காபியைக் கொண்டுவந்து வைத்தபடி.

பேச்சிமுத்து ஒயரை மாற்றினான். டி.வி.யின் பின்னால் சொருகும் குட்டி டப்பாவைக் கழற்றித் துடைத்து மாட்டினான். வேறு கேம் கேசட்டைச் சொருகினான். டாங்கி போய் விமானம் வந்தது, அதுவும் சாம்பல் விமானம். சத்தத்தைக் கூட்டினான், வெறும் இரைச்சல் வந்தது. கடைசியில் பெட்டியைக் கவிழ்த்து அடியில் ஒட்டியிருந்த தாளைப் படித்தான். அது கரண்டு குடிக்கும் கன்வெர்ட்டரைப் பார்த்தான். பிறகு கை இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டான்.

“என்ன?” என்றான் கருத்தக்கண்ணன்.

“இது கெட்டுப் போகலை.”

“பின்ன?”

“கெட்டுப் போறதுன்னா முதல்ல நல்லா இருந்திருக்கணும்ல? அமெரிக்காக்காரன் கலரை ஒரு மாதிரி எழுதி அனுப்புவான். நம்ம ஊர் டி.வி. அதை வேற மாதிரி படிக்கும். நம்மளுதுக்குப் பேரே ‘பால்’ சிஸ்டம். பால் குடிச்சு வளந்த டி.வி.க்குச் சீமைச் சரக்கை ஊத்துனா ஏறுமா? படம் தெரியும், கலர் தெரியாது, சத்தமும் வராது. பெட்டியும் நல்ல பெட்டி, டி.வி.யும் நல்ல டி.வி. ரெண்டும் ஒண்ணு பேசுறது ஒண்ணுக்குப் புரியாது. இந்த வீட்டுல இது என்னைக்குமே கலராத் தெரிஞ்சிருக்காது.”

“ஞாயித்துக்கிழமை?”

பேச்சிமுத்து அவன் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். “ஞாயித்துக்கிழமையும்தாண்ணே.”

ராதாமணி ஒன்றும் புரியாமல், “அப்ப எதுக்கு அட்டையில இம்புட்டு அழகா கலர் போட்டு ஏமாத்துறான்?” என்று அலமாரியின் மேலிருந்து ஒரு காலி அட்டைப்பெட்டியை எடுத்து நீட்டினார்.

பெட்டியின் மேல் படம். பச்சை டாங்கி ஒன்று புழுதி பறக்க ஓட, ஆரஞ்சு டாங்கி ஒன்று அதைத் துரத்திச் சுட்டுக்கொண்டிருந்தது.

கருத்தக்கண்ணன் அதைக் கையில் வாங்கினான். மாடிப்படியில் நின்று நாகசுப்பிரமணியன் சொன்ன கதை வரிக்கு வரி அந்த அட்டையில் இருந்தது. விளையாடியவர் பார்த்ததை அவர் சொல்லவில்லை. அட்டையில் பார்த்ததைச் சொல்லியிருக்கிறார்.

“வக்கீல் சார் இந்த அட்டையைப் பாத்திருக்காரா?” என்று கேட்டான்.

“சம்பந்தி தானே? பார்சலைப் பிரிச்ச அன்னைக்கே இங்கதான் இருந்தாரு. மாட்டுறதுக்குள்ள போயிட்டாரு. ஏன் கேக்குறீங்க?”

“சம்பந்தியா?” மகனுக்குக் கல்யாணம் என்று சொன்ன வக்கீலண்ணன், பெண் யார் வீடு என்று அவனிடம் சொன்னதே இல்லை.

“ஆமா. அவர் மகனுக்குத்தானே எங்க பொண்ணைக் குடுக்குறோம்.”

வாசலில் செருப்புச் சத்தம். வெங்கடரமணன் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்திருந்தார். தட்டையாக வாரிய தலை, சந்தனப் பொட்டு, கையில் மஞ்சள் பை. மனைவியிடம் அவர்கள் வீட்டு மொழியில் ஏதோ கேட்டார். பிறகு தமிழுக்கு வந்து, “வந்துட்டீங்களா? கலர் வந்துச்சா?” என்றார்.

“வராது சார்” என்றான் கருத்தக்கண்ணன், எழுந்து நின்று. டூல் பையைக் கீழே வைத்தான். “என் பேரு கருத்தக்கண்ணன். வக்கீல் நாகசுப்பிரமணியன் வீட்டு மாடியில இருக்குற ஆளு. உங்க டிரைவர் முத்திருளனுக்காக வந்திருக்கேன்.”

வெங்கடரமணன் கையிலிருந்த பை சுவரில் உரசியது.

“ஞாயித்துக்கிழமை உங்களோட விளையாடுனேன்னு வக்கீல் எழுதிக் குடுத்திருக்காரு. பச்சை டாங்கி, ஆரஞ்சு டாங்கின்னு என்கிட்டயும் சொன்னாரு. இந்தப் பெட்டியில பச்சையும் கிடையாது, ஆரஞ்சும் கிடையாது. அவர் இங்க வரவே இல்லை. சம்பந்தியைக் காப்பாத்துறதுக்காகப் பொய்ச் சாட்சி சொல்லியிருக்காரு. அந்தக் காரை ஓட்டுனது நீங்கதான்.”

வெங்கடரமணன் பையைக் கீழே வைத்தார். ‘ஆமாம்’ என்று தலையாட்டிவிடுவார் போலத்தான் இருந்தது. கேட்டு முடித்துவிட்டால் போதும் என்று கருத்தக்கண்ணனும் நினைத்தான். வக்கீலண்ணன் பொய் சொல்லியிருக்கிறார், ஆனால் மகன் கல்யாணத்துக்காகச் சொல்லியிருக்கிறார். அதை எப்படியாவது விழுங்கிக்கொள்ளலாம்.

“என்ன பேசுறீங்க நீங்க?” ராதாமணி நடுவில் வந்து நின்றார். “இவராவது, கார் ஓட்டுறதாவது! ஞாயித்துக்கிழமை அஞ்சு மணிக்கு நானும் பொண்ணும் திருப்பரங்குன்றம் போயிட்டுத் திரும்புனோம். அப்ப இவரு இதே இடத்துல, டி.வி.க்குப் பின்னாடி தலையை விட்டுக்கிட்டுக் கெடந்தாரு. கலர் வரலைன்னு எக்சேஞ்சுல சொல்லி, என் தம்பிக்கு அமெரிக்காவுக்கு ட்ரங்க் கால் போட்டிருந்தாரு. அஞ்சு இருபதுக்குத்தான் லைன் கெடைச்சது. ஒம்பது நிமிஷம்! தம்பியைத் தூக்கத்துல எழுப்பி, ‘என்னய்யா சாம்பலை அனுப்பி வச்சிருக்கே’ன்னு சண்டை. எக்சேஞ்சுல கேட்டுப் பாருங்க.”

“ட்ரங்க் கால் ஆபீஸ்ல நேரம் எழுதியிருப்பாகண்ணே” என்றான் பேச்சிமுத்து மெதுவாக. “கூத்தியார்குண்டுல அடிச்சது அஞ்சரை.”

“அப்ப வக்கீல் சார் இங்க இல்லையாம்மா?”

“அவர் எங்க இருந்தாரு? ரெண்டு டம்ளர் காபிதான் போட்டேன், இவருக்கும் எனக்கும். இதை என்கிட்ட யாருமே கேக்கலையே! போலீஸ் வந்தப்ப இவரைத்தானே உக்கார வச்சு எழுதிட்டுப் போனாங்க.”

கருத்தக்கண்ணன் மெதுவாக வெங்கடரமணன் பக்கம் திரும்பினான். அந்த மனிதரிடம் கல்லில் செதுக்கிய மாதிரி ஒரு சாட்சி இருந்திருக்கிறது. அமெரிக்காவுக்குப் பேசியதை ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் யாரும் அவரைத் தொட்டிருக்க முடியாது. அதைச் சொல்லாமல் எதற்காக வக்கீலை இழுத்தார்? அவருக்கு வக்கீலின் சாட்சி தேவையே இல்லை.

அப்படியானால் அது யாருக்குத் தேவைப்பட்டது?

எல்லாரும் கயிற்றைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். வக்கீல் வெங்கடரமணனுக்குச் சாட்சி சொல்லவில்லை. வெங்கடரமணன்தான் வக்கீலுக்குச் சாட்சி சொல்லியிருக்கிறார்.

“சாவியை ஆணியில இருந்து எடுத்தது அவரா?” என்று கேட்டான்.

வெங்கடரமணன் பாத்திரங்களுக்கு நடுவே அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

“நாலு மணிக்கு வந்தாரு. திருமங்கலத்துல ஒரு மண்டபம் பாத்துட்டு வாரேன், காரைக் குடுங்கன்னாரு. சம்பந்தி கேக்குறாரு, எப்படி மாட்டேங்குறது? ஆறு மணிக்குப் பின்வாசல் வழியா வந்தாரு. சட்டையெல்லாம் வேர்வை. ‘ஒருத்தன் சைக்கிளோட குறுக்க வந்துட்டான்’னாரு. டி.வி. கேம் விளையாடுனோம்னு எழுதிக் குடுங்க, மத்ததை நான் பாத்துக்குறேன், முத்திருளனையும் நானே வெளிய எடுத்துர்றேன்னாரு. கல்யாணப் பத்திரிகை அச்சுக்குப் போயிருச்சுய்யா…”

ராதாமணி கணவரையே பார்த்துக்கொண்டிருந்தார். திட்டவில்லை, அழவில்லை.

“முத்திருளன் பன்னெண்டு வருஷமா நம்ம பொண்ணைப் பள்ளிக்கூடத்துல, காலேஜுல விட்டுக் கூட்டிட்டு வந்தவன்” என்றார். “அவனை ஜெயில்ல வச்சுட்டு அவ கழுத்துல தாலி ஏறணுமாக்கும்?” பிறகு பேச்சிமுத்துவிடம், “ஸ்டேஷனுக்கு இவரைக் கூட்டிட்டுப் போகணும்னா நானும் வாரேன். இருங்க, புடவை மாத்திட்டு வந்துர்றேன்” என்று உள்ளே போனார்.

வாசலில் பேச்சிமுத்து ஸ்கூட்டர் சாவியைக் கருத்தக்கண்ணனிடம் கொடுத்தான். கேலி எதுவும் அவன் வாயில் இல்லை.

“நீங்களும் ஸ்டேஷனுக்கு வந்துருங்கண்ணே. வக்கீல் வீட்டுக்குப் போயி என்ன பண்ணப் போறீங்க?”

“அவர் வாயால கேக்கணும் மாப்ள.”

நாகசுப்பிரமணியன் தன் அறையில் மேஜைமேல் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார். கோர்ட் இல்லாத மத்தியானம். வெள்ளைச் சட்டை, கையில் பவுண்டன் பேனா. கருத்தக்கண்ணனைப் பார்த்ததும் வழக்கம்போல் சிரித்தார்.

“வாடா கண்ணா. சாப்பிட்டியா? முத்திருளன் மனுவைத்தான் எழுதிக்கிட்டு இருக்கேன்.”

“வெங்கடரமணன் வீட்டுக்குப் போயிட்டு வாரேண்ணே. அந்தப் பெட்டியில கலர் வராது. வந்த நாள்ல இருந்தே வராதாம்.”

பேனா நின்றது. அவர் மூடியைத் தேடி எடுத்து, நிதானமாகத் திருகி மூடினார்.

“வேற யாருக்குத் தெரியும்?”

“அவரும் அவர் சம்சாரமும் ஸ்டேஷனுக்குப் போயிருக்காக.”

நாகசுப்பிரமணியன் நாற்காலியில் சாய்ந்தார். ஒரு நிமிஷத்தில் பத்து வயது கூடியது போல் இருந்தது.

“நான் கேக்கவே இல்லையேண்ணே” என்றான் கருத்தக்கண்ணன். “நீங்களா மாடிப்படியில நிறுத்தி அந்தக் கதையைச் சொன்னீங்க. எதுக்கு?”

“மாயக்கா உன்கிட்ட வந்தது தெரிஞ்சது. நீ எல்லாத்தையும் நோண்டுவ. நான் சொன்னா மட்டும் நோண்ட மாட்டேன்னு நெனச்சேன். அஞ்சு நாளா நோண்டலைல்ல?”

அந்தக் கடைசி வார்த்தைதான் கருத்தக்கண்ணனை அறைந்தது. ஆமாம், ஐந்து நாளாக அவன் ஊரில் இருந்த மெக்கானிக் ஷெட், டீக்கடை, பஸ் கண்டக்டர் என்று எல்லாரையும் கேட்டான். தன் அறைக்குக் கீழே இருந்தவரைக் கேட்கவில்லை. அவனுடைய நன்றியை அவர் ஒரு கதவாக வைத்து, அதன் பின்னால் நிம்மதியாக உட்கார்ந்திருக்கிறார்.

“அடிச்சதும் நிறுத்துனீங்களா?”

நாகசுப்பிரமணியன் பேனாவை மேஜையில் உருட்டினார்.

“கண்ணாடியில பாத்தேன். கையை ஆட்டுனான்.”

“உசுரோட இருந்தாரு.”

“பயந்துட்டேன்டா. இருபத்தெட்டு வருஷத்துப் பேரு…” மேஜையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். “கண்ணா, உனக்காக நான் நின்னேன். ஊரே உன் மேல துப்புனப்ப நின்னேன். அது ஞாபகம் இருக்கா?”

“இருக்கு. அன்னைக்கு, செய்யாத தப்பை ஒத்துக்காதடான்னு சொன்னீங்க. ஒத்துக்கிட்டா சீக்கிரம் முடியும்னு எல்லாரும் சொன்னப்ப, நீங்க ஒருத்தர்தான் சொன்னீங்க.” அவன் மேஜைமேல் இருந்த மனுவைக் கையில் எடுத்தான். ‘என் கவனக்குறைவால்தான் விபத்து நேர்ந்தது’ என்று முத்திருளன் பேரில் அழகான கையெழுத்தில் எழுதியிருந்தது. “அதையே அவனுக்கும் சொல்லியிருக்கலாமேண்ணே.”

நாகசுப்பிரமணியன் அவன் கையிலிருந்த தாளைப் பார்த்தார். வாங்க முயலவில்லை. நாற்காலியில் மறுபடி உட்கார்ந்து, முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

“போலீஸ் வர்றவரைக்கும் இங்கயே இருக்கேன்” என்றார். “எங்கயும் போக மாட்டேன். அதையாவது நம்பு.”

கருத்தக்கண்ணன் மனுவை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்து கதவைச் சாத்தினான்.

வாசற்படியில் மாயக்காள் உட்கார்ந்திருந்தாள். ஆரப்பாளையத்திலிருந்து வெயிலில் நடந்தே வந்திருப்பாள் போல, கால் புழுதியாக இருந்தது. பக்கத்தில் ஒரு ஒயர் கூடை. அவனைப் பார்த்ததும் எழுந்து முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

“ஏதாச்சும் தெரிஞ்சுதாண்ணே?”

“தெரிஞ்சிருச்சு தாயி. ஓட்டுனது முத்திருளன் இல்லை. சாட்சி ஸ்டேஷனுக்குப் போயிருச்சு. உன் புருஷன் வந்துருவான்.”

அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகையா சிரிப்பா என்று அவளுக்கே தெரிந்திருக்காது. கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவசரமாகக் கூடையைத் தூக்கினாள். கூடை நிறைய கொய்யாப் பழம்.

“வக்கீலய்யா உள்ள இருக்காகளாண்ணே? முதல்ல அவுககிட்டப் போயிச் சொல்லிட்டு வாரேன். அவுக மட்டும் இல்லேன்னா நாங்க நாதியத்துல்ல போயிருப்போம். கேட்டா எம்புட்டு சந்தோசப்படுவாக!”

அவள் படியேறினாள். கருத்தக்கண்ணன் குறுக்கே கையை நீட்டிக் கதவை மறித்து நின்றான். அவள் புரியாமல் அவன் முகத்தைப் பார்த்தாள்.

“உக்காரு தாயி” என்றான்.

அவள் உட்கார்ந்தாள். அவனும் பக்கத்துப் படியில் உட்கார்ந்தான். தெருவில் ஒரு ரிக்‌ஷா போனது. அது முனை திரும்பியதும், சட்டைப்பையிலிருந்த மனுவை எடுத்துப் பிரித்தான்.